மார்க் எடுத்தால் புத்திசாலி, கேள்வி கேட்டால் ‘அறிவாளி’: அறிவை நாம் எப்படி எடை போடுகிறோம்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்விதான்: “எவ்வளவு மார்க்?” அத்தை கேட்பார், மாமா கேட்பார், பேர்கூடத் தெரியாத பக்கத்துத் தெருக்காரரும் கேட்பார். பதில் பெரிய எண்ணாக இருந்தால் “கெட்டிக்காரப் பிள்ளை”. சின்ன எண்ணாக இருந்தால், “சரி விடு, அடுத்து என்ன பண்ணப்போற?”

அதே கெட்டிக்காரப் பிள்ளை நாலு வருஷம் கழித்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஃபார்வர்டைப் பார்த்து “இதுக்கு ஆதாரம் என்ன?” என்று குடும்ப குரூப்பில் கேட்டால் என்ன நடக்கும்? “வந்துட்டாருய்யா அறிவாளி!” மார்க் வாங்கியபோது பெருமையாக இருந்த படிப்பு, கேள்வி கேட்கும்போது திமிராகிவிடுகிறது.

இன்னொருவரையும் சேர்த்துக்கொள்வோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பைக் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவரை நாம் ‘கைராசிக்காரர்’ என்போம். கவனியுங்கள், அவர் மூளையில் இருப்பதைக்கூட கையில் இருக்கும் ராசி என்றுதான் சொல்கிறோம்.

மார்க்கைக் கொண்டாடுவது, அறிவாளியைக் கிண்டல் செய்வது, கைத்தொழில்காரரின் அறிவை அறிவாகவே எண்ணாதது. மூன்றும் வேறு வேறு பழக்கங்கள் போலத் தெரிந்தாலும், வேர் ஒன்றுதான். அறிவை, மனிதர்களை மேலே கீழே அடுக்கும் ஏணியாக வைத்திருக்கிறோம். அந்த ஏணி எப்படி வந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்று பார்ப்போம்.

‘அறிவாளி’ எப்போது திட்டாக மாறியது?

இது சோஷியல் மீடியா காலத்துப் பழக்கம் என்று நினைத்தால், இல்லை. ‘அறிவுஜீவி’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இணையான பிரெஞ்சுச் சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே ஒரு சண்டையில்தான்.

பிரான்ஸில் ஆல்ஃபிரட் டிரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி, 1894இல் நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்டார். 1898 ஜனவரி 13 அன்று நாவலாசிரியர் எமிலி ஸோலா, அரசையும் ராணுவத்தையும் குற்றம்சாட்டி ஒரு நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். பின்னாலேயே எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் மறுவிசாரணை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். எதிர்த்தரப்பில் இருந்த எழுத்தாளர் மொரீஸ் பாரெஸ் அவர்களை ‘அறிவுஜீவிகள்’ என்று நக்கலடித்தார். உங்களுக்கு நாடும் தெரியாது, மக்களும் தெரியாது என்பதுதான் அந்த நக்கலின் பொருள். 1906இல் டிரேஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. கிண்டலுக்கு ஆளானவர்கள் சொன்னதே உண்மையாக இருந்தது.

அமெரிக்காவில் 1952 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட அட்லாய் ஸ்டீவன்சனையும் அவரது ஆதரவாளர்களையும் ‘முட்டைத் தலையர்கள்’ என்று கேலி செய்தார்கள். அந்தக் காலத்தை மனதில் வைத்து, அமெரிக்கச் சமூகத்தின் அறிவு எதிர்ப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1963இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஹாஃப்ஸ்டாட்டர் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்கிறார். புத்திசாலித்தனம் வேறு, சிந்தனை வேறு. கொடுத்த வேலையைச் சீக்கிரமாக, சரியாக முடிப்பது புத்திசாலித்தனம். “இந்த வேலையை ஏன் செய்யணும்?” என்று கேட்பது சிந்தனை. முதலாவதை எல்லாச் சமூகமும் விரும்பும். இரண்டாவதைக் கண்டால்தான் சந்தேகம். நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதும் இதுதான். மார்க் வாங்குவது கொடுத்த வேலையை முடிப்பது. ஆதாரம் கேட்பது அந்த வேலையையே கேள்விக்குள்ளாக்குவது.

சில நாடுகளில் இந்தச் சந்தேகம் கிண்டலோடு நிற்கவில்லை. சீனாவில் 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சியில், படித்தவர்களை வர்க்க எதிரிகளின் பட்டியலில் ஒன்பதாவதாக வைத்து ‘நாறும் ஒன்பதாமவர்’ என்று அழைத்தார்கள். ஆசிரியர்கள் மாணவர்களாலேயே பொதுவெளியில் அவமானப்படுத்தப்பட்டார்கள். நிறுத்தப்பட்ட கல்லூரி நுழைவுத் தேர்வு 1977இல்தான் திரும்ப வந்தது.

கிண்டல் செய்பவர்கள் எல்லாம் முட்டாள்களா?

அப்படி முடிவு கட்டுவது சுலபம். ஆனா, அது சரியில்லை.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதத்தைச் சுற்றித்தான். மீதி எண்பது சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ‘படிச்சவர்’ என்றால் யார்? நிலக் கணக்கு எழுதும் கர்ணம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமலே கைநாட்டு வாங்கும் ஆள். புரியாத மொழியில் வாதாடும் வக்கீல். படிப்பு தன் பக்கம் நிற்கும் என்று நம்ப அவர்களுக்குக் காரணமே இருக்கவில்லை. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்ற பழமொழியில் கொஞ்சம் கேலி இருக்கிறது. கதவு சாத்தப்பட்டவர்களின் கசப்பும் அதே அளவு இருக்கிறது.

இன்றும் ஒரு டாக்டர், நோயாளிக்குப் புரியாத வார்த்தையிலேயே பேசிவிட்டு “கூகுள் பார்த்துட்டு வந்து என்கிட்ட பேசாதீங்க” என்று முடிக்கும்போது அந்தக் கசப்பு புதுப்பிக்கப்படுகிறது. விளக்க மறுக்கும் படிப்பும், கேட்க மறுக்கும் கிண்டலும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொள்கின்றன.

புத்திக்கு நம்பர் போட்டது யார்?

‘ஐக்யூ’ என்ற வார்த்தை இன்று காபி கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால், அந்த டெஸ்ட் பிறந்த காரணம் பலருக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிக் கல்வி கட்டாயமாகிவிட்ட பிரான்ஸில், வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை எப்படி அடையாளம் கண்டு உதவுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஒரு தேர்வை உருவாக்கினார். யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். புத்தி என்பது பிறவியிலேயே அளவு போட்டு வைத்த பொருள் என்ற எண்ணத்தை பினே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் அது வளரும் என்று வாதாடினார். 1911இல் இறந்துபோனார்.

அவருடைய தேர்வு அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் நோக்கமே தலைகீழானது. 1916இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் 17 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குப் புத்தித் தேர்வு நடத்தியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத் தேர்வு. ஒரு படத்தில் டென்னிஸ் மைதானம், நடுவில் வலை இல்லை. இன்னொரு படத்தில் கிராமஃபோன், ஒலிக்குழாய் இல்லை. “என்ன குறைகிறது?” என்று வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸையே பார்த்திராத, கப்பலில் அப்போதுதான் வந்திறங்கிய விவசாயியின் மகன் விழித்தால், ‘புத்தி குறைவு’ என்று பதிவாகும்.

இந்த எண்களை வைத்து 1923இல் உளவியலாளர் கார்ல் பிரிகாம், தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் புத்தியில் தாழ்ந்தவர்கள் என்று புத்தகம் எழுதினார். 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் அந்த மக்களுக்கான கதவைப் பெருமளவு சாத்தியது. சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு இந்த எண்களும் ஒரு ஆயுதம். 1930இல் பிரிகாமே தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று எழுதி வாபஸ் வாங்கினார். ஆனால், அதற்கு முன்பே, 1926இல் அவர் தயாரித்திருந்த கல்லூரித் தேர்வுதான் இன்று நம்ம ஊர்ப் பிள்ளைகளும் எழுதும் ‘எஸ்ஏடி’.

‘புத்தி பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது’ என்ற வாதத்துக்கு இன்னொரு அடி 1980களில் விழுந்தது. ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் பழைய ஐக்யூ மதிப்பெண்களை ஒப்பிட்டார். பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 3 புள்ளிகள் வீதம் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போயிருந்தது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது. மாறியது பள்ளிக்கூடம், சாப்பாடு, வேலை, வாழ்க்கை முறை. அந்தத் தேர்வுகள் மூளையை மட்டும் அளக்கவில்லை, அந்த மூளைக்குக் கிடைத்த வாய்ப்பையும் சேர்த்தே அளக்கின்றன.

37 ரூபாய்க் கணக்கு

இப்போது இந்தியச் சந்தைக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வெளியானது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 சிறுவர் சிறுமிகளை அவர்கள் சோதித்தார்கள்.

முதலில் சாதாரண வாடிக்கையாளர் போலப் போனார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம். கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ. மொத்தம் எவ்வளவு? 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு? (37 ரூபாய், மீதி 163. நீங்கள் போனில் கால்குலேட்டரைத் திறந்தீர்களா?) இந்த மாதிரிக் கணக்குகளைக் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் மனக்கணக்காகவே போட்டு வியாபாரத்தை முடித்தார்கள்.

அதே குழந்தைகளிடம் பள்ளிக்கூட பாணியில், இதைவிடச் சுலபமான வகுத்தல், கழித்தல் கணக்கைத் தாளில் கொடுத்தபோது பெரும்பாலோர் தடுமாறினார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால், “பார்த்தியா, அனுபவப் படிப்புதான் படிப்பு” என்று ஒரு ரீல்ஸ் போட்டுவிடலாம். ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு, அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 குழந்தைகளிடம் போனார்கள். இவர்களுக்கு எளிய தாள் கணக்கு வந்தது. சந்தைக் கணக்கு வரவில்லை. வேலை செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகப் போட்ட ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிக் குழந்தைகளில் 1 சதவீதம் பேர்தான் சரியாகப் போட்டார்கள்.

ஆக, சந்தையில் கற்றது வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பில் கற்றது சந்தைக்கு வரவில்லை. இரு தரப்பும் பாதிப் பாலத்தில் நிற்கிறார்கள்.

பிரேசிலில் இதே போன்ற ஒன்றை 1985இலேயே சொல்லியிருந்தார்கள். ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீர், தின்பண்டம் போன்றவை விற்ற ஐந்து சிறுவர்களை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வு அது. வியாபாரத்தின்போது 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

‘முட்டாள் எப்படி அடுக்குவான்?’

அறிவின் அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை எப்படி மாறும் என்பதற்கு, உளவியல் வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், க்பெல்லே இன விவசாயிகளிடம் 1960களின் பிற்பகுதியிலும் அதை ஒட்டியும் அமெரிக்க ஆய்வாளர்கள் சில பொருட்களைக் கொடுத்தார்கள். உணவு, கருவி, பாத்திரம், உடை எனக் கலந்துகட்டிய பொருட்கள். “சேர வேண்டியதைச் சேர்த்து வையுங்கள்” என்றார்கள். விவசாயிகள் கத்தியை ஆரஞ்சுப் பழத்தோடு வைத்தார்கள். பழத்தை வெட்டக் கத்திதானே வேண்டும்! விவரமான ஆள் இப்படித்தான் வைப்பான் என்று விளக்கமும் சொன்னார்கள்.

கருவியெல்லாம் ஒரு பக்கம், உணவெல்லாம் ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் ஆய்வாளர்களின் ‘சரியான’ விடை. கடைசியில் சலித்துப்போய், “சரி, ஒரு முட்டாள் இதை எப்படி அடுக்குவான்?” என்று கேட்டார்கள். உடனே வந்தது விடை: உணவு தனி, கருவி தனி, பாத்திரம் தனி, உடை தனி. தேர்வு எதிர்பார்த்த அந்த விடை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வடநெம்மேலியிலிருந்து ஃபுளோரிடா வரை

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இயங்குகிறது இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பை முடக்கிய பிறகு, 1978இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இங்கிருந்துதான் போகிறது.

2017இல் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. மோப்ப நாய்கள், ரேடியோ கருவி என்று ஏற்கெனவே பல வழிகளைப் பார்த்திருந்த இடம் அது. இவர்கள் இரும்புக் கம்பியோடு இறங்கி, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதை ‘ரத்தத்திலேயே இருக்கு’, ‘கைராசி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், அவர்கள் செய்வது என்ன? உரித்த சட்டை எவ்வளவு பழசு, எச்சம் எந்தப் பாம்புடையது, மண்ணில் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தடயம் சேர்க்கிறார்கள். இந்த வளையில் இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். தோண்டிப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். தப்பினால் திருத்திக்கொள்கிறார்கள். லேபில் கோட் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் இதற்குப் பெயர் ஆராய்ச்சி. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர்கள், காஞ்சிபுரம் தறியில் கரையையும் உடலையும் கோர்வை போட்டு இணைப்பவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

அப்போ, ‘எட்டு வகை அறிவு’ சரியா?

இந்த இடத்தில் பலருக்கு ஹோவர்ட் கார்ட்னர் ஞாபகத்துக்கு வருவார். 1983இல் வெளியான நூலில், அறிவு ஒன்றல்ல, ஏழு என்றார் அவர்: மொழி, தர்க்கம்-கணிதம், இடவெளி, இசை, உடல், பிறரைப் புரிந்துகொள்வது, தன்னைப் புரிந்துகொள்வது. பிறகு இயற்கையை அறியும் அறிவையும் சேர்த்து எட்டாக்கினார். உலகெங்கும் ஆசிரியர்கள் கொண்டாடினார்கள். ‘மக்கு’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால், அறிவியல் உலகம் இதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு வகை மனத் தேர்வில் நன்றாகச் செய்பவர்கள் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகச் செய்யும் போக்கு இருப்பதை 1904இலேயே சார்லஸ் ஸ்பியர்மன் காட்டினார். பிறகு வந்த ஆய்வுகளிலும் அது திரும்பத் திரும்பத் தென்பட்டது. எட்டும் தனித்தனி அறைகள் என்பதற்கு வலுவான சோதனை ஆதாரம் இல்லை என்பதுதான் கார்ட்னர் மீதான முக்கிய விமர்சனம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, இதன் பெயரில் நடக்கும் வியாபாரம்:

• “உங்க பிள்ளை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா?” என்று வகை பிரிக்கும் ‘லேர்னிங் ஸ்டைல்’ முறைக்கும் கார்ட்னர் கோட்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. அவரே அதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். அந்த வகைப்படி பாடம் நடத்தினால் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு சொன்னது.

• கைரேகையை ஸ்கேன் செய்து “உங்க குழந்தைக்கு எந்த வகை அறிவு” என்று ரிப்போர்ட் தரும் ‘டிஎம்ஐடி’ டெஸ்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் கூறியிருக்கிறது. ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த விளம்பரம் வந்தால் காசு கட்டும் முன் யோசியுங்கள்.

ஒரே ஏணிக்குப் பதில் எட்டு ஏணி வைத்துவிட்டு, குழந்தை எந்த ஏணியில் என்று ஐந்து வயதிலேயே முத்திரை குத்துவதும் பழைய வேலைதான்.

இங்கதான் சிக்கல்: 1953ஐ மறக்க முடியாது

“எல்லா வகை அறிவும் சமம்” என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சோடு ஒரு பழைய கணக்கு உண்டு.

1953இல், அன்றைய சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். போதிய பள்ளிகளும் ஆசிரியர்களும் இல்லாத நிலையில், இரண்டு ஷிஃப்டாக நடத்தினால் இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், உடலுழைப்புக்கும் மரியாதை வரும் என்பது அரசின் வாதம்.

எதிர்ப்பு பெரிதாக வெடித்தது. பெற்றோரின் தொழில் என்றால் இந்த நாட்டில் பெரும்பாலும் சாதியின் தொழில். சவரத் தொழிலாளியின் மகன் சவரம் கற்க வேண்டும், சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்க வேண்டும். அதிகாரியின் மகன்? ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரியாரின் திராவிடர் கழகமும், அண்ணாவின் திமுகவும் போராடின. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது.

கைத்தொழிலுக்கு அறிவு வேண்டும் என்பதை அந்தப் போராட்டம் மறுக்கவில்லை. உன் கை அறிவு உயர்ந்தது என்று பாராட்டி, புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்காதே என்பதுதான் அதன் சாரம்.

காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். “அவர் என்ன டிகிரியா படிச்சார்?” என்று, படிப்பு முக்கியமில்லை என்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இன்றும் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதர் முதல்வரானதும் செய்த வேலை, ஊர் ஊராகப் பள்ளி திறந்ததும், 1956இல் மதிய உணவு கொடுத்ததும். தனக்குக் கிடைக்காததை அவர் பெருமையாக்கிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்க வழி செய்தார்.

அந்தப் பாதையின் விளைவு இன்று எண்ணாகத் தெரிகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4. தமிழ்நாட்டில் 47.

இந்த விவாதம் பழங்கதையும் அல்ல. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘பிஎம் விஸ்வகர்மா’ திட்டம் 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், 3 லட்சம் வரை குறைந்த வட்டிக் கடன் தருகிறது. கைவினைஞர்களுக்கு இது அங்கீகாரம் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. அது ஏற்கப்படாததால், இப்போதைய வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ 2025இல் வந்தது. 18 வயதில் கல்லூரியா தொழிலா என்று நிற்கும் ஒரு பிள்ளையை அரசுப் பணம் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதுதான் இரு தரப்புக்கும் நடுவே இருக்கும் கேள்வி.

இருளர்களிடமும் இதே கேள்விதான். பாம்பைப் பற்றிய அவர்கள் அறிவுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால், அதே சமூகத்தின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பில் சிக்கிக்கொள்ளும் செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அறிவுக்கு மரியாதை கிடைப்பது ஒன்று, அந்த அறிவு உள்ளவரின் பிள்ளை விரும்பியதைப் படிக்க முடிவது இன்னொன்று. ஒன்று கிடைத்ததால் மற்றது தானாக வந்துவிடாது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

தமிழக அரசு 2017இல் பத்தாவது, பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் ‘ஸ்டேட் ஃபர்ஸ்ட்’ பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. ஏணியின் உச்சியை மட்டும் காட்டும் வழக்கம் அதோடு குறைந்தது. வீட்டிலும் ஆபீஸிலும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, “படிப்பு மட்டும் வாழ்க்கை இல்லை” என்று சொல்லும் முன், யாருக்குச் சொல்கிறோம் என்று பார்ப்பது. நம் பிள்ளைக்கு டியூஷன் வைத்துவிட்டு, வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளுக்கு “அவளுக்குக் கை வேலை நல்லா வருது, தையல் கத்துக்கட்டும்” என்று சொன்னால், அது பல வகை அறிவுக்கு மரியாதை இல்லை. அவளே இரண்டையும் பார்த்துத் தையலைத் தேர்ந்தெடுத்தால், அது வேறு.

இரண்டாவது, மரியாதையைக் கூலியில் காட்டுவது. எலக்ட்ரீஷியனை “உங்க மாதிரி வேலைக்காரர் கிடைக்க மாட்டார் அண்ணே” என்று பாராட்டிவிட்டு, அவர் சொன்ன ரேட்டில் முந்நூறு ரூபாயைக் குறைத்தால் அந்தப் பாராட்டுக்கு விலை அவ்வளவுதான். ஆபீஸிலும் இதே கதை. மெஷினைப் பதினைந்து வருஷம் கையாண்ட ஆபரேட்டரை மீட்டிங்குக்கே கூப்பிடாமல், அவர் மெஷினைப் பற்றி முடிவெடுக்கும் கம்பெனிகள் எத்தனை?

மூன்றாவது, கேள்வி கேட்பவரையும் கேள்வியையும் பிரித்துப் பார்ப்பது. குரூப்பில் ஆதாரம் கேட்கும் தம்பி கொஞ்சம் அதிகப்பிரசங்கியாகவே இருக்கலாம். ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பது அதனால் மாறிவிடாது. அதேபோல, படித்தவருக்கும் ஒரு கடமை உண்டு. பெரியப்பாவுக்குப் புரியும் வார்த்தையில், அவரைச் சின்னவராக்காமல் விளக்கத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பில் இன்னும் ஒரு பாடம் பாக்கி.

கடைசியாக, கொல்கத்தா சந்தையில் வெங்காயம் நிறுக்கும் அந்தச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவளிடம் “நீ தெருவிலேயே எல்லாம் கத்துக்கிட்ட, உனக்கு ஸ்கூல் எதுக்கு?” என்று சொல்வதும் தப்பு. தாள் கணக்கில் முட்டை போட்டு “மக்கு” என்று உட்கார வைப்பதும் தப்பு. இந்த இரண்டு வகைக் கணக்கையும் இணைக்கும் பாடத்திட்டம் வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வு சொல்லும் தீர்வு. அவள் மனசுக்குள் நொடியில் போட்ட 37 ரூபாய்க் கணக்கை, போர்டில் எழுதிக் காட்ட ஒரு டீச்சர் வேண்டும். அவள் மதியம் வரைக்குமாவது தராசை வைத்துவிட்டு அந்த வகுப்பில் உட்கார, வீட்டில் யாருக்காவது போதிய கூலியும் வேண்டும்.